ஒட்டுக்கேட்பவர்களின் நாடகம்: பியாட்ரிஸ், பெனடிக் கதையை முதன்முறை வாசிப்பவருக்கு முழுமையான வழிகாட்டி

ஷேக்ஸ்பியர் என்றதும் பரீட்சையும் நோட்ஸும் ட்யூஷன் வகுப்பும் ஒன்றாக நினைவுக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் எடுத்தவர்களுக்கு ஆசிரியர் இருப்பார், அவர்கள் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். ஆனி, ஆடி மழையில் ஹட்டன் பக்கமோ மஸ்கெலியா பக்கமோ ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வழியில்லாமல், சும்மா ஒரு நாடகம் வாசித்துப் பார்க்கலாமே என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. நாடகத்தின் பெயர் ‘மச் அடூ அபௌட் நத்திங்’. ஒன்றுமில்லாத விஷயத்துக்கு ஊரே அமளிப்படுகிறது என்று தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நாடகம் விளங்க இலக்கியப் பட்டம் வேண்டாம், தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்திருந்தால் போதும். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் குடும்பங்கள். தொங்கல் வீட்டில் யார் யாரோடு எத்தனை மணிக்குப் பேசினார்கள் என்ற செய்தி பீலிக்கரைக்கு வந்து சேர்வதற்குள் மூன்று விதமாகத் திரிந்திருக்கும். இந்த நாடகத்தில் காதல் வருவதும் அந்த வழியில்தான், ஒரு பெண்ணின் மானம் போவதும் அந்த வழியில்தான். காதில் விழுந்ததை வைத்தே எல்லாரும் முடிவெடுக்கிறார்கள். இது நமக்குப் புதிதில்லை.

வாசிக்க முன்

1598, 1599 அளவில் எழுதப்பட்டு 1600இல் முதன்முதலாக அச்சான நாடகம் இது. ஐந்து அங்கம், 17 காட்சி, சுமார் 21,000 சொற்கள். நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் உரைநடை. ‘கவிதை எனக்கு ஓடாது’ என்கிறவர்கள் ஷேக்ஸ்பியரைத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காசு செலவழிக்க வேண்டாம். நாடகத்துக்குப் பதிப்புரிமை இல்லை. ஃபோல்ஜர் ஷேக்ஸ்பியர் நூலகத்தின் இணையத்தளத்தில் முழு நாடகமும் வரி எண்களோடு இலவசமாக இருக்கிறது. சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு தரம் இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு டேட்டா தேவையில்லை. ஆங்கிலம் சிரமம் என்றால் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் இரண்டு வரிக் கதைச்சுருக்கம் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். அது கள்ளத்தனம் இல்லை. காமன் கூத்துப் பார்க்கப் போகிற எவருக்குத்தான் மன்மதன் எரியப்போவது முன்கூட்டியே தெரியாது?

அப்புறம் ஒரு கொப்பியில் ஆட்களின் பெயரை எழுதுங்கள். பெயர்கள்தான் முதல் அரை மணித்தியாலத்தில் ஆளைக் கவிழ்க்கும். கதை நடப்பது இத்தாலியில், சிசிலித் தீவின் மெசினா நகரில். அங்கே ஆளுநர் லியனாட்டோ, அவருடைய மகள் ஹீரோ, அண்ணன் தம்பி வழியில் வந்த இன்னொரு மகள் பியாட்ரிஸ், லியனாட்டோவின் சகோதரர் அன்டோனியோ, வீட்டில் வேலை செய்யும் மார்கரெட், அர்சுலா. இது வீட்டுக்காரர் பக்கம். போர் முடிந்து விருந்தாளிகளாக வருகிறவர்கள் இளவரசன் டொன் பேத்ரோ, அவனுடைய இளம் படைத்தலைவன் கிளாடியோ, வாய்க்கொழுப்புப் பிடித்த பெனடிக். இளவரசனின் முறைதவறிப் பிறந்த சகோதரன் டொன் ஜோனும் அவனுடைய கையாள் பொராக்கியோவும் அதே கூட்டத்தில் வருகிறார்கள், ஆனால் இன்னொரு பக்கத்தில் எழுதுங்கள். கடைசியாக ஊர்க்காவல்காரர்களின் தலைவன் டொக்பெரி. ஹீரோ என்பது பெண்ணின் பெயர் என்பதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நம்மூர் சினிமாப் பழக்கத்தில் ஹீரோ வந்தாள் என்று வாசிக்கும்போது முதலில் தடுக்கும்.

எங்கே நிறுத்துவது

மூன்று இருப்பில் வாசித்து முடிக்கலாம். முதல் தரம் தொடக்கத்திலிருந்து மூன்றாம் அங்கம் முதல் காட்சி வரை. இரண்டாம் தரம் அங்கிருந்து நாலாம் அங்கம் முதல் காட்சி முடியும் வரை, அந்தக் காட்சியின் நடுவில் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். மீதி மூன்றாம் தரம்.

முதல் வாசிப்பில் அடிக்குறிப்புப் பார்க்காதீர்கள். பியாட்ரிஸும் பெனடிக்கும் முதல் காட்சியில் ஆளையாள் குத்திப் பேசும்போது பாதிப் பகிடி நமக்குப் பிடிபடாது. நானூறு வருஷத்துக்கு முந்திய இலண்டன்காரனின் பகிடி அது. பரவாயில்லை, வேகம் பிடிபட்டால் போதும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். போரிலிருந்து தூதன் வந்திருக்கிறான், எல்லாரும் வெற்றியைப் பற்றிப் பேசுகிறார்கள். பியாட்ரிஸ் வாய் திறந்து முதலில் கேட்பதே பெனடிக் திரும்பி வந்தானா என்றுதான். கேலிப்பெயர் வைத்துத்தான் கேட்கிறாள், ஆனால் கேட்கிறாள். வேண்டாத ஆளைப் பற்றி யாரும் அவ்வளவு அவசரமாக விசாரிப்பதில்லை.

இரண்டாம் அங்கத்தில் இன்னொரு குறிப்பு வரும். பெனடிக்கின் மனதை இழந்துவிட்டாயே என்று இளவரசன் பியாட்ரிஸைச் சீண்ட, பெனடிக் அதை ஒருகாலத்தில் தனக்குக் கடனாகத் தந்தான் என்றும், தான் வட்டியோடு திருப்பிக் கொடுத்ததாகவும், அதற்கு முன்னொரு தரம் கள்ளத் தாயம் போட்டுத் தன் மனதை வென்றான் என்றும் அவள் சொல்கிறாள். ஓடுகிற பேச்சில் ஒரு வரியாக வந்து போய்விடும், பென்சிலால் அடையாளம் போடுங்கள். இவர்களுக்குள் முன்பே ஏதோ இருந்து முறிந்திருக்கிறது. இது பிடிபடாமல் வாசித்தால் பின்னால் நடக்கும் தந்திரம் வெறும் கோமாளித்தனமாகத்தான் தெரியும்.

அதே காட்சியில் இளவரசனே என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கிறான். நீங்கள் தினமும் உடுத்த முடியாத விலையுயர்ந்த உடுப்பு, வேலை நாளுக்கு எனக்கு இன்னொருவர் வேண்டுமே என்று பியாட்ரிஸ் சிரித்துக்கொண்டே தட்டிக்கழிக்கிறாள். இந்த வரியை நம் பக்கத்துப் பெண்களுக்கு விளக்க வேண்டியதேயில்லை.

காதுக் கணக்கு

இதுதான் என் முறையின் முக்கியமான பகுதி. கொப்பியில் நாலு பத்தி கீறுங்கள்: யார் கேட்டது, யார் பேசியது, என்ன கேட்டது, அது உண்மையா. வாசித்துக்கொண்டே நிரப்புங்கள்.

முதல் அங்கத்திலேயே இரண்டு வந்துவிடும். கிளாடியோவுக்கு ஹீரோ மேல் ஆசை. அவனுக்காக நானே பேசி முடித்துத் தருகிறேன் என்கிறான் இளவரசன். அதை அன்டோனியோவின் ஆள் ஒருவன் தோட்டத்தில் அரைகுறையாகக் கேட்டுவிட்டு, இளவரசனுக்கே ஹீரோ மேல் காதல் என்று வீட்டுக்குச் செய்தி கொண்டுபோகிறான். பொராக்கியோ திரைச்சீலைக்குப் பின்னால் நின்று அதையே சரியாகக் கேட்கிறான். பாருங்கள், நல்லவன் பிழையாகக் கேட்கிறான், கெட்டவன் சரியாகக் கேட்கிறான். நாடகம் முழுவதும் இந்த விளையாட்டுத்தான்.

பிறகு முகமூடி நடனம். டொன் ஜோன் கிளாடியோவைத் தெரிந்துகொண்டே, நீ பெனடிக்தானே என்று கேட்டு, இளவரசன் ஹீரோவைத் தனக்கே கேட்கிறான் என்று காதில் ஊதுகிறான். கிளாடியோ ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் நம்புகிறான். அந்தச் சிக்கல் சில நிமிஷத்தில் தீர்ந்துவிடுவதால் வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள். நீங்கள் மறக்காதீர்கள். தேவாலயத்தில் அவன் என்ன செய்யப்போகிறான் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

தோட்டத்துத் தந்திரங்கள் இரண்டையும் சத்தமாக வாசியுங்கள்

இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சியையும் மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியையும் தனியாக மனதுக்குள் வாசிப்பது வீண். நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் ஓடாவிட்டால் ஒருவர் வாசித்து, மற்றவர்கள் தங்கள் பேச்சில் திருப்பிச் சொன்னாலும் போதும். ஒளிந்து நிற்கிறவரை உண்மையாகவே கதவுக்குப் பின்னால் நிற்க வையுங்கள். மேடையில் இந்தக் காட்சிகளின் சிரிப்பில் பாதி, கேட்கிறவனின் முகத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் அந்த முகம் இல்லை.

பெனடிக்கின் காட்சி முதலில். காதலித்து மதிகெட்டுப்போகிற ஆண்களைப் பற்றி அவன் தனியாக நின்று நையாண்டி செய்கிறான், தனக்கு வரப்போகிறவளுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலும் போடுகிறான். ஆட்கள் வரும் சத்தம் கேட்டதும் ஒளிந்துகொள்கிறான். இளவரசன், லியனாட்டோ, கிளாடியோ மூவரும் அவன் காதில் விழ வேண்டும் என்றே, பியாட்ரிஸ் அவனை நினைத்து இரவெல்லாம் அழுகிறாள், அவன் கேலி செய்வான் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறாள் என்று கதை அளக்கிறார்கள். அவர்கள் போனதும் அவன் கொள்கை எல்லாம் பறந்துவிடுகிறது, உலகத்தில் சனம் பெருக வேண்டாமா என்று கேட்கும் அளவுக்கு. அந்த நேரம் பார்த்து பியாட்ரிஸ் வந்து, மனமில்லாமல்தான் உன்னைச் சாப்பிடக் கூப்பிட அனுப்பப்பட்டேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போகிறாள். அதிலும் ஒரு உள்ளர்த்தம் இருக்கிறது என்று அவன் நம்புகிறான். இந்த இடத்தில் உங்கள் கூட்டம் சிரிக்காவிட்டால் வாசிக்கிறவரை மாற்றுங்கள்.

பியாட்ரிஸின் காட்சி நீளத்தில் குறைவு, குணத்திலும் வேறு. ஹீரோவும் அர்சுலாவும் பேசுவதை அவள் ஒளிந்து கேட்கிறாள். பெனடிக் உன்னை நேசிக்கிறான் என்பதைவிட, நீ எவ்வளவு அகங்காரி என்பதுதான் அவள் காதில் அதிகம் விழுகிறது. அவளுடைய தைரியத்தின் நிழலில் எப்போதும் அமைதியாக இருக்கும் ஹீரோ, இங்கே மட்டும் வாய்விட்டுப் பேசுகிறாள். தந்திரம்தான், ஆனாலும் மனதில் இருந்தது கொஞ்சம் வெளியே வந்துவிட்டதோ என்று எனக்கொரு சந்தேகம். அதுவரை உரைநடையில் வெட்டி வெட்டிப் பேசிய பியாட்ரிஸ், தனியே நின்று எதுகை பிடித்த பத்தே வரியில் தன் பெருமைக்கு விடைகொடுக்கிறாள். பகிடி ஒன்றுகூட இல்லை. அந்தப் பத்து வரிக்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசாமல் இருந்தால் நல்லது.

காமன் கூத்தை இங்கே கொண்டுவராமல் முடியாது. இனி மன்மதனுக்கு வில்லாளி என்ற பெயர் போய்விடும், காதல் தெய்வங்கள் நாங்கள்தான் என்று தந்திரத்தைத் தொடங்கும்போதே இளவரசன் சொல்கிறான். அவர்களுடைய மன்மதன் கியூபிட். மன்மதன் சிலரை அம்பால் அடிக்கிறான், சிலரைக் கண்ணி வைத்துப் பிடிக்கிறான் என்று ஹீரோவும் ஒரு வரி சொல்கிறாள். மாசி மாதம் கம்பம் ஊன்றி, தப்புச் சத்தத்தில் விடிய விடிய நாம் பார்க்கும் கதையில் கரும்பு வில்லும் மலர் அம்பும் இருக்கின்றன, சிவனின் நெற்றிக்கண்ணும் இருக்கிறது. காமன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். மெசினாவில் காமன் எரிவதில்லை, அவனுக்கு வேலைதான் இல்லாமல் போகிறது. அம்பின் வேலையை வம்புப்பேச்சு எடுத்துக்கொள்கிறது. உங்கள் தோட்டத்தில் ரதி வேஷம் கட்டி ஆடிய அண்ணன் யாராவது இருந்தால் பியாட்ரிஸை அவருக்கே கொடுத்துப் பாருங்கள். ஷேக்ஸ்பியர் காலத்து இலண்டன் மேடையிலும் பெண் வேஷம் பையன்கள்தான் கட்டினார்கள்.

தேவாலயம்

இங்கே சிரிப்பு நின்றுவிடும். டொன் ஜோனின் ஏற்பாட்டில் பொராக்கியோ இரவில் ஹீரோவின் சன்னலடியில் மார்கரெட்டோடு காதல் பேசுகிறான். தூரத்தில் நின்று பார்க்கும் கிளாடியோவும் இளவரசனும் அது ஹீரோ என்று நம்புகிறார்கள். இந்தச் சன்னல் காட்சியை ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவேயில்லை, பிறகு பேச்சில்தான் வருகிறது. நமக்குக் காட்டாததன் பலன் பெரிது. கிளாடியோ கண்ணால் கண்டேன் என்கிறான், நாமோ அவனையும் காணவில்லை, அவன் கண்டதையும் காணவில்லை.

மறுநாள் கலியாணத்தில், எல்லாருக்கும் முன்னால், அவன் ஹீரோவை அழுகிய தோடம்பழம் என்று திட்டித் தகப்பனிடம் திருப்பிக் கொடுக்கிறான். முந்தின இரவே தெரிந்ததை வீட்டில் வைத்துக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, சபைக்காகக் காத்திருந்தான். அதைவிட எனக்குத் தாங்க முடியாதது லியனாட்டோ. மயங்கிக் கிடக்கும் மகளைப் பார்த்து, கண் திறக்காதே, செத்துப்போ என்கிறான். பெரிய மனிதர்கள் இரண்டு பேர் சொன்னதால் பெற்ற மகள் பொய்யாகிவிட்டாள். நம் பக்கத்தில் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதை கிளம்பினால் வீட்டுக்குள்ளேயே முதலில் என்ன நடக்கும் என்று யோசித்துக்கொண்டு இந்தப் பகுதியை வாசியுங்கள்.

தாய் எங்கே என்று உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். 1600ஆம் ஆண்டுப் பதிப்பின் மேடைக்குறிப்பில் லியனாட்டோவின் மனைவி இன்னோஜென் என்று ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

ஹீரோவை நம்புகிறவர்கள் மூன்றே பேர். பிரான்சிஸ் பாதிரியார் அவள் முகத்தைப் பார்த்து நம்புகிறார். பியாட்ரிஸ் ஒரு வருஷமாக அவளோடு ஒரே அறையில் படுத்தவள், அந்த ஒரு இரவு மட்டும் இல்லாமல் போனவள், அவள் எதையும் பார்க்காமலே நம்புகிறாள். மூன்றாவது பெனடிக். தன் சிநேகிதர்கள் எழும்பிப் போகும்போது அவன் அவர்களோடு போகவில்லை, தேவாலயத்திலேயே நின்றுவிடுகிறான். வசனம் எதுவும் இல்லாமல் அவன் மாறிவிட்ட இடம் இதுதான். ஹீரோ இறந்துவிட்டதாகச் சொல்லி வைக்கலாம் என்று பாதிரியார் யோசனை சொல்கிறார். எல்லாரும் போனபின் பெனடிக்கும் பியாட்ரிஸும் காதலை ஒப்புக்கொள்கிறார்கள், உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்கிறான் அவன். கிளாடியோவைக் கொல் என்கிறாள் அவள். உலகத்தையே தந்தாலும் மாட்டேன் என்று முதலில் மறுக்கிறான். நான் ஆணாக இருந்திருந்தால் என்று அவள் வெடிக்கும் பகுதியைக் குறைத்து வாசிக்காதீர்கள், குரல் அடைத்தாலும் முழுவதும் வாசியுங்கள்.

டொக்பெரியைத் தாண்டிப் போகாதீர்கள்

பலர் இவனைக் கோமாளி என்று நினைத்துப் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். பெரிய பெரிய சொற்களை எடுத்து எல்லாவற்றையும் தலைகீழாகப் போடுகிறவன் இவன். கள்ளனைக் கண்டால் அவனை அவன் பாட்டில் நழுவிப் போக விடுவதே நல்லது என்று காவல்காரர்களுக்குக் கட்டளையிடுகிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி புரட்டினால் இந்தப் பகிடி செத்துவிடும், ஓடவிட்டு வாசியுங்கள். இந்தப் பாத்திரம் வில் கெம்ப் என்ற பேர்பெற்ற கோமாளி நடிகருக்காக எழுதப்பட்டது. முதல் பதிப்பில் ஒரு காட்சியில் பெரும்பாலும் டொக்பெரியின் பெயருக்குப் பதிலாக கெம்ப் என்றே அச்சாகியிருக்கிறது.

இப்போது காதுக் கணக்குக்கு வாருங்கள். பொராக்கியோ தன் சதியை டொன் ஜோனின் இன்னொரு கையாளான கொன்ரேடிடம் பெருமையாகச் சொல்லும்போது, மழை தூறுகிறது, இந்தத் தாழ்வாரத்துக்குள் வா என்று கூப்பிட்டுத்தான் சொல்கிறான். இருட்டில் நிற்கும் காவல்காரர்கள் அதைக் கேட்டுவிடுகிறார்கள். நாடகத்திலேயே மிகப் பெறுமதியான உண்மை, படிப்பறிவு குறைந்த நாலு பேருடைய காதில், தூறலுக்கு ஒதுங்கிய இடத்தில் விழுகிறது. கலியாணத்துக்கு முன்பே அவர்கள் அதைக் கொண்டு லியனாட்டோவின் வாசலுக்குப் போகிறார்கள். டொக்பெரி சுற்றிவளைத்துப் பேசுகிறான். லியனாட்டோவுக்குப் பொறுமையில்லை. எனக்கு அவசரம், விசாரணையை நீங்களே செய்யுங்கள், போக முன் கொஞ்சம் வைன் குடித்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பிவிடுகிறான். ஐந்து நிமிஷம் கேட்டிருந்தால் தேவாலயத்தில் அந்த அநியாயம் நடந்திருக்காது.

தோட்டத்து ஆபீஸ் யன்னலில் மனுவோடு நின்று, இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கு வா என்ற பதிலைக் கேட்டவர்களுக்கு இந்தச் சின்னக் காட்சி நாடகத்தின் நடுநரம்பு. விமர்சகர்கள் இதைச் சிரிப்புக் காட்சி என்று எழுதுவார்கள், எழுதட்டும். கடைசியில் பிடிபட்ட பொராக்கியோவே இளவரசனிடம் சொல்கிறான்: உங்கள் அறிவால் கண்டுபிடிக்க முடியாததை இந்த மடையர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

முடிவைப் பற்றி உங்கள் எண்ணத்தை எழுதுங்கள்

கடைசி அங்கத்தில் உண்மை வெளியாகிறது. கிளாடியோ ஓர் இரவு ஹீரோவின் கல்லறையில் பாட்டுப் படித்துவிட்டு, லியனாட்டோ சொல்லும் பெண்ணை முகம் பாராமல் கட்டச் சம்மதிக்கிறான். முகத்திரை விலகினால் அது ஹீரோ. பியாட்ரிஸும் பெனடிக்கும் கடைசி நேரத்தில் மறுபடி மல்லுக்கு நிற்க, ஆளுக்காள் இரகசியமாக எழுதிய காதல் கவிதைகளைச் சிநேகிதர்கள் வெளியே எடுக்கிறார்கள். நடனத்தோடு முடிகிறது.

உடனே எழுதுங்கள், மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க முன். தமிழில், கொப்பியில் ஒரு பக்கம் போதும். கதைச்சுருக்கம் எழுத வேண்டாம், முதல் வரியே உங்கள் தீர்ப்பாக இருக்கட்டும். எதைப் பற்றி என்று தெரியாவிட்டால் கிளாடியோவில் தொடங்கலாம். நான் அவனை மன்னிக்கவில்லை. ஐந்தாம் அங்கத் தொடக்கத்தில், தன்னால் ஒரு பெண் செத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட பிறகும் அவனும் இளவரசனும் பகிடி விட்டுக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்கு அழைக்க வந்த பெனடிக் மட்டும் சிரிக்காமல் நிற்கிறான். இதற்கு மாறாக, ஏமாற்றப்பட்ட இளம் வயசுக்காரன்தானே என்று வாதாடுகிறவர்களும் இருப்பார்கள். அப்படி ஒருவர் கூட்டத்தில் இருந்தால்தான் பேச்சு சூடுபிடிக்கும்.

இன்னொரு கேள்வி நிறத்தைப் பற்றியது. ஹீரோ புகழ்வதற்குக் கொஞ்சம் கறுப்பு என்று பெனடிக் முதல் காட்சியில் சொல்கிறான். கடைசியில் கிளாடியோ, மணப்பெண் எத்தியோப்பியக்காரியாக இருந்தாலும் கட்டுகிறேன் என்கிறான், அதை ஏதோ பெரிய தியாகம் போல. பழைய நாடகம் என்று தாண்டிவிடாமல் அந்த வரி உங்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். நாடகம் பிடித்திருக்கிறது, இந்த வரி பிடிக்கவில்லை என்று இரண்டையும் சேர்த்து எழுதலாம்.

தலைப்புக் கதை ஹீரோவுக்கும் கிளாடியோவுக்கும் உரியது, ஆனால் மனதில் நிற்பது மற்ற இரண்டு பேரும்தான் என்று உங்களுக்குத் தோன்றினால் தனியாக இல்லை. இங்கிலாந்தின் முதலாம் சார்ள்ஸ் மன்னர் தன்னுடைய ஷேக்ஸ்பியர் தொகுப்புப் பிரதியில் இந்த நாடகத்தின் தலைப்புக்குப் பக்கத்தில் பெனடிக், பியாட்ரிஸ் என்று கைப்பட எழுதி வைத்திருந்தார்.

படம் பார்ப்பதை எழுதிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள்

கென்னத் பிரானா இயக்கி, தானே பெனடிக்காகவும் எம்மா தொம்சன் பியாட்ரிஸாகவும் நடித்த 1993ஆம் ஆண்டுப் படம் எளிதாகப் பார்க்கக்கூடியது. வெயிலும் திராட்சைத் தோட்டமுமாக இத்தாலியிலேயே எடுத்தது. அதில் சன்னல் காட்சியைக் கண்ணுக்கு நேராகக் காட்டிவிடுகிறார்கள். கிளாடியோ கண்டதை நாமும் கண்டுவிடுவதால் அவன் மேல் இரக்கம் வந்துவிடுகிறது. படத்தை முதலில் பார்த்துவிட்டு நாடகத்தை வாசித்தால், ஷேக்ஸ்பியர் எழுதாத அந்தக் காட்சி உங்கள் தலைக்குள் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பை மாற்றிவிடும். அதனால் கொப்பியை மூடி வைத்துவிட்டுப் படத்தைப் போடுங்கள். பார்த்து முடித்ததும் கிளாடியோவைப் பற்றி எழுதிய பக்கத்தைத் திறந்து, மாற்ற வேண்டும் என்று தோன்றினால் வேறு நிறப் பேனையால் பக்கத்தில் எழுதுங்கள், பழையதை அடிக்காதீர்கள்.